மனசுக் கம்பி

எங்கள் வீட்டில் சண்டை நின்றுபோனதற்கு என் முன்பற்கள்தான் காரணம். அதற்கு முன்பு அம்மாவும் அப்பாவும் வாக்குவாதம் செய்யாத நாளே கிடையாது. சாம்பாரில் வெல்லம் போடலாமா கூடாதா என்று ஆரம்பித்தால், தேர்தல், பூகம்பம், யாருடைய சித்தப்பா யாருடைய கல்யாணத்தில் சாப்பிடாமல் போனார் என்பது வரைக்கும் போய்த்தான் ஓயும். அம்மா திலகவதி, அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலிலேயே வீட்டிலும் பேசுவாள். அப்பா குணசீலன் கொதிகலன் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். அந்தச் சத்தத்தில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன், அந்தச் சத்தத்தில்தான் தூங்கினேன். அது சண்டை என்பதே எனக்குப் பல வருஷம் தெரியாது.

பல் கதைக்கு வருகிறேன். எனக்கு மேல்வரிசை எத்திக்கொண்டு நிற்கும். கீழ்வரிசைப் பற்கள் காலை நேரத்து டவுன் பஸ் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, இடம் கிடைத்த பக்கம் திரும்பி நிற்கும். உதடு மூடாது. சப்பாத்தியை ஓரப் பல்லால் கிழித்துத்தான் தின்ன வேண்டும். இடுக்கில் மாட்டிய சோறு எந்தப் பிரஷுக்கும் அகப்படாமல் மாதத்துக்கு ஒரு தடவை ஈறு வீங்கும். மதிவதனி என்று எனக்கு ஆசையாகப் பெயர் வைத்தார்கள்; ஏழாம் வகுப்பு முழுக்க என்னைத் தேங்காய்த் துருவி என்றுதான் கூப்பிட்டது.

தில்லைநகரில் டாக்டர் ரெஜினாவிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் என் வாயை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இதை அழகு விஷயம் என்று நினைக்காதீர்கள் என்றார். சரியாக மெல்ல முடியாது, சுத்தம் செய்ய முடியாது, வளர வளர தாடை மூட்டு வலிக்கும், இந்த வயசிலேயே சரிசெய்தால் வாழ்நாளுக்கும் நல்லது என்றார். அப்புறம்தான் அந்தப் புதுக் கம்பியைப் பற்றிச் சொன்னார்.

"பழைய கம்பி எந்நேரமும் இழுத்துக்கிட்டே இருக்கும். உடம்பு அதுக்குத் தயாரா இருக்கான்னு தெரியாது. பதற்றமா இருக்கிற பிள்ளைக்குப் பல்லை இழுத்தா எலும்பு கூடி வராது, சிலருக்கு வேரே கரைஞ்சு போயிடும். இது எச்சிலைப் பார்க்கும். பதற்றம் தெரிஞ்சா இழுக்காம விட்டுடும். பிள்ளை நிம்மதியா இருக்கிறப்ப மட்டும் இழுக்கும். வலியே இருக்காது."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அளவு காட்டுமா என்று கேட்டார். காட்டும், உங்கள் செல்போனிலேயே ஒரு கோடு ஓடும், பதற்றம் என்றால் ஏறும், நிம்மதி என்றால் இறங்கும் என்றார் டாக்டர். "ஆனா ஏன் ஏறுச்சு, ஏன் இறங்குச்சுன்னு அதுக்குத் தெரியாது சார். அதை நீங்கதான் பிள்ளைகிட்ட கேட்டுக்கணும்" என்றும் சொன்னார். கிளம்பும்போது, முறுக்கு கடிக்காதே, மிட்டாய் வேண்டாம், வீட்டில் கொஞ்சம் அமைதியாக இருங்கள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். முறுக்கையும் மிட்டாயையும் நாங்கள் மறந்துவிட்டோம். மூன்றாவதை அப்பா பிடித்துக்கொண்டார்.

அன்று முதல் வீட்டில் வாக்குவாதம் இல்லை. முதலில் என் எதிரில் கூடாது என்றார். பிறகு நான் பக்கத்து அறையில் இருந்தாலும் கூடாது என்றானது. அப்புறம் நான் பள்ளியில் இருக்கும்போதும் கூடாது, ஏனென்றால் முகத்தில் மிச்சம் இருக்கும், பாப்பா கண்டுபிடித்துவிடுவாள் என்றார். அப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். என் பல் நேராக வேண்டும் என்பதற்காகத் தன் வாயைத் தைத்துக்கொண்ட மனிதர் அவர். கூடவே அம்மாவின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டார், அதுதான் கோளாறு.

ஊரில் அதற்கு மனசுக் கம்பி என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் அடுக்ககத்தில் கம்பி போட்ட குழந்தை இருக்கிற வீட்டுக் கதவில் 'சத்தம் போடாதீர்கள்' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கீரைக்காரம்மா எங்கள் மாடிக்கு வந்தால் கூவாமல் கையை ஆட்டிவிட்டு நிற்பார். பள்ளியில் கம்பி போட்டவர்களை ஆசிரியர்கள் திட்டுவதில்லை. எங்களுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்துக் கம்பி போடாதவர்கள் வாங்கினார்கள். கொஞ்ச காலத்தில் பல்வரிசை நேராக இருந்தால் அது நல்ல வீடு, அமைதியான வீடு என்றாகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்வதை விட்டுவிட்டுச் சிரிக்கச் சொன்னார்கள். அப்பாவின் அக்கா கோமளா அத்தை தன் பெண்ணுக்கு வந்த நல்ல வரன் ஒன்றை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். மாப்பிள்ளைக்கு இத்தனை வயசாகியும் கம்பி கழலவில்லையாம், அந்த வீட்டில் என்ன கூத்து நடக்கிறதோ என்றார்.

என் பல் மட்டும் நகரவில்லை. என்னோடு கம்பி போட்ட ஃபாசில் ஒரு வருஷத்துக்குள் கழற்றிவிட்டுக் கரும்பு கடித்துக் காட்டினான். எனக்குக் கோடு மேலேயே நின்றது. அப்பா தினமும் காலையில் செல்போனைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், பிறகு இன்னும் மெதுவாகப் பேசுவார். சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் புன்னகைக்கு நடுவே சோறு இறங்காது. எனக்கு வேண்டியது அந்தப் பழைய சத்தம் என்று சொல்ல எனக்கே அப்போது தெரியவில்லை.

அம்மா பேசுவது குறைந்தது. பள்ளியிலிருந்து வந்ததும் குரலைச் செருப்போடு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வருகிற மாதிரி இருக்கும். அடுக்களையில் மிக்ஸி ஓடும்போது மட்டும் அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். சட்னிதான் அரைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மூடியைத் திறந்து பார்த்தேன், ஜாரில் ஒன்றுமே இல்லை. வெறும் மிக்ஸியை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அம்மா தனக்குத்தானே வாதாடிக்கொண்டிருந்தாள். அன்று கோடு எவ்வளவு ஏறியது என்று நான் பார்க்கவில்லை, அப்பா பார்த்திருப்பார்.

அந்தச் சமயத்தில் அம்மாவுக்குத் தலைமை ஆசிரியை பதவி உயர்வு வந்தது. பட்டுக்கோட்டையில் பள்ளி. பழைய நாளாக இருந்தால் ஒரு வாரம் அதகளமாகி, கடைசியில் ஏதாவது ஒரு முடிவு பிறந்திருக்கும். அப்பா தாழ்ந்த குரலில், பாப்பா கம்பி முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம் என்றார். அம்மா வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். என் கம்பி முடிகிற வரை வீட்டில் எதையும் பேச முடியாது. எதையும் பேசாததால் கம்பி முடியவும் முடியாது. நாங்கள் மூன்று பேரும் என் வாய்க்குள் மாட்டிக்கொண்டோம்.

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம் அந்த வருஷம் அம்மாவுக்குத் தஞ்சாவூரில் விழுந்தது. மாமா வீட்டில் தங்கிக்கொண்டு போய்வந்தாள். சாயங்காலம் ஆனால் எனக்குப் போன் செய்வாள். அரை மார்க் போடலாமா கூடாதா என்று முகாமில் நடந்த சண்டையெல்லாம் பழைய குரலில் சொல்வாள். ஒளி ஏன் வளைகிறது என்ற கேள்விக்கு ஒரு பையன் 'களைத்துப் போவதால்' என்று எழுதியிருந்தானாம். அதற்கு மார்க் போட வேண்டும் என்று வாதாடினாளாம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு பேச வேண்டியிருந்தது, அவ்வளவு சத்தம். அந்த நாட்களில் எனக்குக் கவலையே இல்லாமல் இருந்தது. அம்மா எங்கேயோ ஓரிடத்தில் அம்மாவாகவே இருக்கிறாள் என்பது போதுமாக இருந்தது.

கோடு சரசரவென்று இறங்கியது. முன்பல் நகர்ந்துவிட்டது என்று டாக்டர் ரெஜினா பார்த்துச் சொன்னார். முகாம் முடிந்து அம்மா வந்தாள். வாசலிலேயே குரலைக் கழற்றி வைத்தாள். கோடு மறுபடி ஏறியது.

அப்பாவின் தொழிற்சாலையில் பழுதைக் கண்டுபிடிக்கிற முறை ஒன்று உண்டு. சந்தேகப்பட்ட உறுப்பைக் கழற்றிப் பார்ப்பார்கள். பழுது நின்றால், அதையே திரும்ப மாட்டிப் பார்ப்பார்கள். பழுது திரும்பி வந்தால் அந்த உறுப்புதான் காரணம். அப்பா அதை அம்மாவிடம் வருத்தத்தோடுதான் சொன்னார், குற்றம் சாட்டவில்லை. அம்மா மறுத்துப் பேசுவாள் என்று காத்திருந்தேன். அம்மாவோ கோட்டைப் பார்த்தாள், தேதிகளைப் பார்த்தாள், போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் இயற்பியல் ஆசிரியை. சோதனை காட்டுவதைத் தள்ளிவிட அவளுக்கு வராது. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அத்தை சும்மா இருப்பாரா? ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் உட்கார்ந்து பேசிவிடலாம் என்றார். அம்மா பக்கத்துக்குப் பேச மாமா தஞ்சாவூரிலிருந்து வந்தார். எங்கள் பக்கத்தில் இப்படிப் பெரியவர்கள் உட்கார்ந்தால் குழந்தைகளை வெளியே போய் விளையாடச் சொல்லிவிடுவார்கள். என்னை மட்டும் நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அப்பா செல்போனை டிவியோடு இணைத்தார். என் கோடு சுவர் அகலத்துக்கு ஓடியது. அத்தைக்கும் மாமாவுக்கும் காபி வந்தது. எல்லோரும் கிரிக்கெட் பார்க்கிறவர்கள் மாதிரி டிவியைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தார்கள்.

அம்மா இருக்கும்போது ஏறுகிறது, இல்லாதபோது இறங்குகிறது, இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று அத்தை கேட்டார். மாமா தொண்டையைச் செருமினார், டிவியைப் பார்த்தார், காபியை எடுத்துக்கொண்டார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானே எழுந்தேன்.

"அம்மா இல்லாததால இல்லப்பா. அம்மா அங்க சத்தமாச் சிரிச்சாங்க. அதனாலதான் எனக்கு நல்லா இருந்துச்சு. இங்க வந்தா அம்மா பேசறதே இல்ல."

எனக்கு ஒரே பயம். பெரியவர்கள் நடுவே அதுவரை நான் பேசியதில்லை. கோடு டிவியின் உச்சிக்குப் போய் முட்டியது.

"பாரு குணசீலா, அம்மா பேச்சை எடுத்ததும் எப்படி எகிறுதுன்னு" என்றார் அத்தை. "புள்ள அம்மாவுக்குப் பாவம் பார்த்துச் சொல்லுது. வாய்க்குச் சொல்லிக்குடுக்கலாம். எச்சிலுக்கு யாரு சொல்லிக்குடுக்கறது?"

இல்லை, இல்லை என்று நான் சொல்லச் சொல்லக் கோடு இறங்காமல் நின்றது. உண்மையைச் சொல்கிறோமே, நம்ப மாட்டேன் என்கிறார்களே என்ற பதற்றம் அது. அந்தப் பதற்றமே எனக்கு எதிரான சாட்சி ஆனது. அழுதால் இன்னும் ஏறும். உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா என் பக்கத்தில் வந்து குனிந்தார். அம்மா பட்டுக்கோட்டை வேலையை ஏற்றுக்கொண்டு கொஞ்ச காலம் அங்கே இருக்கட்டுமா, கம்பி முடிகிற வரைக்கும், உனக்குச் சரியா என்று கேட்டார். வேண்டாம் என்று நான் சொன்னால் அம்மா போக மாட்டாள், அது எனக்கு நன்றாகத் தெரியும். பதவி உயர்வு போகும். வெறும் மிக்ஸி ஓடும். சரி என்று சொன்னால் அம்மா அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் நின்று, ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசையை அதட்டுவாள். அந்தக் காட்சியைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. மூச்சு சீரானது.

"அம்மா போகட்டும்பா" என்றேன்.

கண்ணைத் திறந்தபோது கோடு இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அம்மா போக வேண்டும் என்று நான் மனசாரத்தான் சொன்னேன், எச்சில் பொய் சொல்லவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் எப்படி இருந்தது என்பதை எழுத எனக்கு இன்றைக்கும் தெம்பு இல்லை.

அம்மா போனாள். தினமும் போன் செய்தாள், மைதானத்தில் நடந்ததை எல்லாம் சத்தமாகச் சொன்னாள். என் பல் ஒழுங்காக நகர்ந்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது மட்டும் மறுபடி கிசுகிசுத்தாள். என் கோடு ஏறிவிடுமோ என்று பயந்து கிசுகிசுப்பாள், அந்தக் கிசுகிசுப்பில் கோடு ஏறும். போனைப் பார்ப்பாள். பையை எடுத்துக்கொண்டு, நான் வந்தா உனக்கு ஆகலை என்பது மாதிரி ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுவாள். பஸ் நிலையம் வரைக்கும் போய் நின்றுகொண்டு உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். சொல்லி அவள் நம்பிவிட்டால் வேலையை உதறிவிட்டு வந்துவிடுவாள். நம்பாவிட்டால், நான் பேசியதில் கோடு ஏறியதுதான் மிச்சமாகும். கம்பி கழலட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். பல்லைக் கடித்தாலும் கோட்டில் தெரியும் என்பதால் அதையும் மனசுக்குள்தான் கடித்தேன்.

பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் கம்பியைக் கழற்றினார்கள். நாக்கால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று யாருடைய வாயோ மாதிரி இருந்தது. டாக்டர் ரெஜினா கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். பாடப்புத்தகத்தில் போடலாம், அப்படி ஒரு வரிசை. பல் திரும்பவும் நகராமல் இருக்க ராத்திரியில் பிளேட் மாட்டிக்கொள், இரண்டு வேளையும் தேய், இனி எதையும் கடிக்கலாம், யார் முன்னாலும் சிரிக்கலாம் என்றார். அப்பா ஆனந்தத்தில் டாக்டருக்கு இரண்டு தடவை நன்றி சொன்னார். செல்போனில் இருந்த கோடு நின்றுபோனது. என் வாய் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாளே பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். பள்ளி கேட்டுக்கு வெளியிலேயே அம்மாவின் குரல் கேட்டது. சேர்க்கைக்கு வந்த ஒரு தகப்பனாரோடு, பெண் பிள்ளைக்கு ஏன் அறிவியல் பிரிவு வேண்டாம் என்கிறீர்கள் என்று ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அறைக்குள் நுழைந்தேன். என்னைக் கண்டதும் அம்மாவின் குரல் பட்டென்று இறங்கியது.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மிக்ஸியைச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன், கோடு எதற்காக இறங்கியது என்று சொன்னேன். நீ சத்தமாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி, நீ இல்லாததால் அல்ல என்று சொன்னேன். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு என் தலையைக் கோதினாள்.

"அம்மா நோகக்கூடாதுன்னு எவ்வளவு யோசிச்சுச் சொல்ற" என்றாள், மெதுவாக.

"அய்யோ, இல்லம்மா. இப்பதான் கம்பி இல்லையே. நான் சொல்றத நம்பேன்."

"கம்பி இல்லையேடா. எதை வச்சு நம்பறது?" என்று அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. எத்தனை மாதத்துக் கோட்டை நான் பார்த்திருக்கிறேன், நான் தள்ளி இருந்ததுதான் உனக்கு நல்லதாகப் போயிற்று, அதில் எனக்கு வருத்தமில்லை என்றாள். சொல்லிக்கொண்டே எழுந்து ஜன்னலைத் திறந்தாள், வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது.

"எங்க, சிரி பாக்கலாம்."

வேறு என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்தேன். அம்மா என் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, வரிசையை ஆசை தீரப் பார்த்தாள்.

"பல்லைப் பார்த்தாலே தெரியுது வதனி" என்றாள். "நீ அங்க நிம்மதியாத்தான் இருந்திருக்க."